அரிப்பும் வலியும்: மேற்பூச்சு மருந்தை மனிதத் தோலில் சோதிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

வலிக்கும் இடத்திலிருந்து கையை இழுத்துக்கொள்கிறோம். அரிக்கும் இடத்துக்குக் கை தானாகப் போகிறது. உடல் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் இரண்டு உணர்வுகளை மருத்துவ ஆய்வு வெகுகாலம் ஒன்றாகவே எண்ணியிருந்தது. லேசான வலிதான் அரிப்பு என்று பாடமே நடந்தது. ஆனால் 1660-லேயே சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் அரிப்புக்குச் சொன்ன வரையறை இன்றும் நிற்கிறது: சொறியவேண்டும் என்ற விருப்பத்தை எழுப்பும் விரும்பத்தகாத உணர்வு. அதில் வலி என்ற சொல்லே இல்லை.

அரிப்பையும் வலியையும் குறைக்கும் களிம்பு, ஜெல், ஒட்டுப்பட்டை ஆகியவற்றைத் தன்னார்வலர்களின் தோலில் சோதிக்கப்போகும் மாணவர்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். 'அரிப்பு நீக்கும்' என்ற விளம்பர வரிக்குப் பின்னால் என்ன சோதனை நடந்திருக்கவேண்டும் என்று அறிய விரும்பும் எவருக்கும் இது பயன்படும். இங்கே வரும் எதையும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மருத்துவர் மேற்பார்வை, எழுத்து மூலமான சம்மதம் ஆகிய மூன்றும் இல்லாமல் அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் ஒரு துளிகூட யார் கையிலும் படக்கூடாது.

முதல் படி: உணர்வு பயணிக்கும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தோலின் மேலடுக்கு வரை வந்து முடியும் மெல்லிய நரம்பிழைகள்தாம் நமக்கு முக்கியம். மயலின் என்ற கொழுப்பு உறை இல்லாத சி-இழைகள் நொடிக்கு ஒரு மீட்டர் அளவிலேயே செய்தியைக் கடத்துகின்றன. மெல்லிய உறை கொண்ட ஏ-டெல்டா இழைகள் அதைவிடப் பல மடங்கு வேகமானவை. சுத்தியல் விரலில் பட்டதும் சுளீரென்று ஒன்று, சற்றுத் தாமதித்துக் கடுப்பாக இன்னொன்று என்று இரண்டு வலி தெரிவதற்கு இந்த வேக வேறுபாடே காரணம்.

1997 இந்தத் துறைக்கு மறக்க முடியாத ஆண்டு. விழித்திருக்கும் மனிதரின் நரம்பில் நுண்ணிய மின்முனையைச் செருகிப் பதிவு செய்த மார்ட்டின் ஷ்மெல்ஸ் குழுவினர், அழுத்தத்துக்கு அசையாத, ஆனால் ஹிஸ்டமின் பட்டதும் நிமிடக்கணக்கில் துடித்துக்கொண்டேயிருக்கும் சி-இழைகளைக் கண்டார்கள். தன்னார்வலர் அரிக்கிறது என்று சொன்ன நேரமும் இழை துடித்த நேரமும் பொருந்தி வந்தன. அதே ஆண்டில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம், மிளகாயின் காரப்பொருளான கேப்சாயிசின் இணையும் ஏற்பியைக் கண்டுபிடித்தது. டிஆர்பிவி1 என்ற அந்த ஏற்பி ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் திறந்துகொள்கிறது. மிளகாய் 'சுடுவது' நாக்கின் மயக்கமல்ல, நரம்பின் கணக்கிலேயே அது சூடுதான். 2021-ல் ஜூலியஸும், தொடுகையை உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஹிஸ்டமின் வழியில் வராத அரிப்பு ஏராளம் என்பதை அடுத்து மனத்தில் பதியுங்கள். நாள்பட்ட தோல் அழற்சி, சிறுநீரக நோய், பித்தநீர்த் தேக்கம் ஆகியவற்றால் வரும் அரிப்புக்கு ஒவ்வாமை மாத்திரை பெரும்பாலும் உதவுவதில்லை. தண்டுவடத்திலும் அரிப்புக்குத் தனி ஏற்பாடு உண்டு: 2007-ல் எலிகளின் தண்டுவடத்தில் அரிப்புச் செய்தியை வாங்கும் ஜிஆர்பி ஏற்பியை முடக்கியபோது சொறிதல் குறைந்தது, வலி எதிர்வினைகள் அப்படியே இருந்தன. மருத்துவமனையில் தினமும் தெரியும் சான்று இன்னொன்று. முதுகுத்தண்டில் மார்ஃபின் செலுத்தினால் வலி அடங்குகிறது. பலருக்கு அதே மருந்தால் அரிப்பு தொடங்குகிறது. ஒன்றை அணைக்கும் கை மற்றொன்றை ஏற்றுகிறது என்றால், இரண்டையும் ஒரே அளவுகோலில் போட்டு அளக்க நமக்கு உரிமை இல்லை.

இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கவும் செய்கின்றன. வலி அரிப்பை அடக்கும். சொறிவது சுகமாக இருப்பதன் பின்னணி அதுவே. நகத்தால் சிறு வலியை உண்டாக்கி அரிப்பை ஒடுக்குகிறோம். மேற்பூச்சு மருந்துச் சோதனைகளில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாதி இந்த ஒரு வரியை மறந்ததால் வந்தவை. தோலை எரியவைக்கும் எந்தக் கிரீமும் சிறிது நேரம் அரிப்பைக் குறைக்கத்தான் செய்யும். அதை மருந்தின் வெற்றி என்று எழுதிவிட்டால், படிப்பவரை மட்டுமல்ல, அந்தக் கிரீமை நம்பிப் பூசப்போகும் நோயாளியையும் ஏமாற்றுகிறோம்.

இரண்டாம் படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

'இந்தக் களிம்பு அரிப்புக்கு நல்லதா?' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. 'இந்த ஜெல்லை ஒரு மணி நேரம் பூசி வைத்தபின், பூனைக்காலிக் கொடியின் சுணையால் உண்டாகும் அரிப்பின் உச்ச மதிப்பெண், மருந்தில்லாத அதே ஜெல் பூசிய இடத்தைவிடக் குறைகிறதா?' என்று எழுதினால் என்ன பூசுவது, எவ்வளவு நேரம், எதைத் தூண்டுவது, எதோடு ஒப்பிடுவது, எதை அளப்பது எல்லாம் அந்த வரியிலேயே முடிவாகிவிடுகின்றன. முதன்மை அளவீடு ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதை ஆய்வு தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: தூண்டுதலைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். ஆய்வின் தலையெழுத்து இந்த இடத்தில் முடிவாகிறது.

ஹிஸ்டமின் பழைய, நம்பகமான வழி. ஒவ்வாமைச் சோதனையில் பயன்படும் ஒரு சதவீதக் கரைசல் ஒரு துளி விட்டு, ஊசி நுனியால் மேல்தோலை மெல்லத் தொட்டால் போதும். மெல்லிய மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தும் முறையும் உண்டு. ஓரிரு நிமிடங்களில் அரிப்பு உச்சிக்குப் போகிறது. கூடவே தாமஸ் லூயிஸ் 1927-ல் விவரித்த மூன்று மாற்றங்களும் வரும்: குத்திய இடத்தில் சிவப்பு, அதைச் சுற்றிப் பல சென்டிமீட்டர் படரும் செம்மை, நடுவே ஒரு தடிப்பு. படரும் செம்மை நரம்பின் வேலை. நரம்பிழை செய்தியை உள்ளே அனுப்பும்போதே தன் பக்கக் கிளைகள் வழியாகத் தோலுக்குத் திருப்பியும் அனுப்பி, ரத்தக்குழாய்களை விரிக்கும் பொருள்களை விடுகிறது. அந்தச் செம்மையை அளந்தால், தன்னார்வலர் சொல்லும் மதிப்பெண்ணோடு, அவர் சொல்லைச் சாராத இன்னொரு சாட்சியும் கிடைக்கிறது. கருமையான தோலில் செம்மை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது; ரத்த ஓட்டத்தை லேசர் கருவியால் அளப்பதே எல்லாருக்கும் நியாயமான வழி.

ஹிஸ்டமின் இல்லாத அரிப்புக்குப் பூனைக்காலிதான் ஆய்வகத்தின் கைக்கருவி. அந்தக் கொடியின் காயை மூடியிருக்கும் பொன்னிறச் சுணை பட்டால் என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். 1955-ல் வால்டர் ஷெல்லியும் ஆர்தரும் சுணைக்குள் இருக்கும் புரதம் செரிக்கும் நொதியே அரிப்புக்குக் காரணம் என்று காட்டி, அதற்கு மியூகுனெய்ன் என்று பெயரிட்டார்கள். அது பிஏஆர்-2, பிஏஆர்-4 ஏற்பிகளைத் தூண்டுகிறது என்பது 2008-ல் தெளிவானது. இந்த அரிப்பில் செம்மை படர்வதில்லை. ஆண்டிஹிஸ்டமின் பூசினாலும் அடங்குவதில்லை. ஹிஸ்டமின் தூண்டும் இழைகள் வேறு, சுணை தூண்டும் இழைகள் வேறு. நாள்பட்ட தோல் அழற்சிக்கான மருந்தைச் சோதிப்பவர் ஹிஸ்டமினை மட்டும் வைத்துக்கொண்டால், பூட்டு ஒன்று, சாவி வேறு.

சுணையில் இன்னொரு வசதியும் உண்டு. நீராவிக் கலனில் வைத்துச் சூடாக்கினால் நொதி செயலிழந்துவிடும். சுணை மட்டும் ஊசிபோல் மிஞ்சும். குத்தும் உணர்வுக்கான கட்டுப்பாடாக அதை வைத்துக்கொள்ளலாம். வேறு பொருளில் நனைத்து உலர்த்தினால் அந்தப் பொருளை மேல்தோலுக்குள் கொண்டுசேர்க்கும் வாகனமாகவும் ஆகும். கேப்சாயிசினைத் தோலுக்குள் ஊசியால் செலுத்தினால் எரியும் வலி வருகிறது. அதே கேப்சாயிசினைச் செயலிழந்த சுணையின் நுனியில் வைத்துக் குத்தினால் பலர் அரிக்கிறது என்கிறார்கள். பொருள் ஒன்று, இடமும் அளவும் மாறியதால் உணர்வே மாறிவிட்டது. இதை முதல் முறை படித்தபோது இரண்டு நாள் வேறெதையும் யோசிக்க முடியாமல் இருந்தேன். அரிப்பு தோலின் மிக மேலான அடுக்கின் சொத்து. தசையும் எலும்பும் குடலும் வலிக்கும், ஒருபோதும் அரிக்காது.

வலிக்கான தூண்டுதல்களில் கேப்சாயிசின் முதன்மையானது. பூசிய இடம் எரியும். அதைச் சுற்றி, மருந்தே படாத தோலில்கூட, குண்டூசியால் தொட்டால் கூடுதலாக வலிக்கும். அந்தச் சுற்றுவட்டக் கூருணர்வு தண்டுவடத்தில் உண்டாவது. ஆகவே தோலில் மட்டும் வேலை செய்யும் களிம்பு அதைக் குறைத்தால், மூலத்திலிருந்து வரும் செய்தியைக் குறைத்திருக்கிறது என்றுதான் பொருள். குளிர்ச்சி வலிக்கு 40 சதவீத மெந்தால் கரைசலும், அழற்சி வலிக்குப் புறஊதா பி கதிரும் பயன்படுகின்றன. கதிரின் அளவை ஒவ்வொருவருக்கும் தனியாகக் கணக்கிடவேண்டும். அவரவர் தோல் சிவக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச அளவே அலகு. மறுநாள்தான் கூருணர்வு முழுமையாகத் தெரியும் என்பதால் தன்னார்வலர் இரண்டு நாள் வரவேண்டியிருக்கும்.

எலிகளில் வேலை செய்வோருக்கு ஒரு குறிப்பு. பிடரியில் செலுத்திவிட்டுச் சொறிவதை எண்ணினால் அது அரிப்பா வலியா என்று சொல்ல முடியாது. 2008-ல் ஷிமாடாவும் லமோட்டும் கன்னத்தில் செலுத்திப் பார்த்தார்கள்: அரித்தால் எலி பின்னங்காலால் சொறிந்தது, வலித்தால் முன்னங்காலால் துடைத்தது. இவ்வளவு எளிய மாற்றம் எத்தனை ஆண்டுக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது!

நான்காம் படி: மருந்து உள்ளே போகிறதா என்று பாருங்கள்

தோலின் வெளிச்சுவர் இறந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய அடுக்கு. தடிமன் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான், ஆனால் காவல் கடுமையானது. மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேல் போனால் ஆரோக்கியமான தோலில் நுழைவது மிகக் கடினம் என்பது நடைமுறை விதி. லிடோகெய்ன் 234, கேப்சாயிசின் 305, மெந்தால் 156. மூன்றும் எளிதாக நுழைகின்றன. தோல் அழற்சிக்கான மருந்தான டாக்ரோலிமஸ் 804. அழற்சியால் சுவர் சிதைந்த தோலில் அது நன்றாக வேலை செய்கிறது, நல்ல தோலில் தடுமாறுகிறது. ஆரோக்கியமான தன்னார்வலரிடம் 'பயனில்லை' என்று வந்த மருந்து நோயாளியிடம் பயன்தரலாம் என்பதற்கு இது ஒரு காரணம்.

நேரம் அடுத்தது. லிடோகெய்னும் பிரிலோகெய்னும் தலா 2.5 சதவீதம் கலந்த மரப்புக் கிரீமை மூடி வைத்து ஒரு மணி நேரம் காத்தால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழம் வரை மரத்துப்போகும். இரண்டு மணி நேரமானால் 5 மில்லிமீட்டர். இருபது நிமிடத்தில் துடைத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று எழுதுவது மருந்துக்குச் செய்யும் அநியாயம். மனிதரிடம் போகும் முன் இரண்டு அறைகளுக்கு நடுவே தோல்துண்டைப் பொருத்தும் ஃப்ரான்ஸ் கலத்தில், தோல் மேற்பரப்பு 32 டிகிரியில் இருக்கும்படி வைத்து, எவ்வளவு மருந்து எத்தனை மணியில் கடக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். எலியின் தோல் மனிதத் தோலைவிட எளிதில் ஊடுருவவிடும். பன்றித் தோல் நமக்கு நெருக்கமானது.

பூசும் அளவையும் எழுதிவையுங்கள். 'மெல்லிய படலமாக' என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஒரு பொருள். இத்தனை சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எடைபோட்டுப் பூசுவதே சரி.

ஐந்தாம் படி: என்ன கேட்பது, எந்தச் சொல்லில் கேட்பது

அரிப்பும் வலியும் உணர்பவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும். ஆகவே உங்கள் முதன்மைக் கருவி ஒரு கேள்வி. 0 முதல் 10 வரையான எண் அளவுகோலும், 100 மில்லிமீட்டர் கோடும் பழக்கத்தில் உள்ளவை. 0 என்றால் அரிப்பே இல்லை, 10 என்றால் கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான அரிப்பு. வலிக்கு இன்னொரு கோடு, தனியாக. இரண்டும் ஒரே திரையில் அடுத்தடுத்து இருக்கவேண்டும். தன்னார்வலர் பத்து நிமிடம் இரண்டையும் தொடர்ந்து நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும்.

தமிழில் கேட்பவருக்கு இங்கே ஒரு செல்வமும் ஒரு சிக்கலும் சேர்ந்தே வருகின்றன. அரிப்பு, நமைச்சல், தினவு, குறுகுறுப்பு ஒரு பக்கம். எரிச்சல், காந்தல், கடுப்பு, குத்தல், சுருக்கென்று தைப்பது, வலி, நோவு இன்னொரு பக்கம். 'நமநம என்கிறது' என்பவர் அரிப்பைச் சொல்கிறார். 'எரிச்சலாக அரிக்கிறது' என்பவர் இரண்டையும் சொல்கிறார், இரண்டுக்கும் மதிப்பெண் தரவேண்டியவர். 'காந்துகிறது' என்பதை எந்தக் கோட்டில் போடுவது என்று சோதனை நடக்கும்போது யோசித்தால் தாமதமாகிவிட்டது. முதல் நாளே தன்னார்வலருடன் உட்கார்ந்து சொற்களைப் பேசி முடிவுசெய்யுங்கள்: சொறியத் தோன்றினால் அரிப்பு, கையை விலக்கத் தோன்றினால் வலி. ஹாஃபன்ரெஃபரின் வரையறையை இவ்வளவு எளிதாகத் தமிழில் சொல்லிவிடலாம். இந்த ஐந்து நிமிடப் பேச்சு தரும் தெளிவை எந்தப் புள்ளியியல் முறையும் பின்னால் தராது.

மதிப்பெண்ணோடு தொட்டுப் பார்க்கும் அளவீடுகளும் வேண்டும். அரிக்கும் இடத்தைச் சுற்றிப் பஞ்சால் வருடினால்கூட அரிப்பு எழும் பரப்பு ஒன்று உண்டு. குண்டூசித் தொடுகையை அரிப்பாகவோ கூடுதல் வலியாகவோ உணரும் பரப்பு இன்னொன்று. வெளியிலிருந்து நடுவை நோக்கி எட்டுத் திசைகளில் சிறு சிறு அடியாகத் தொட்டுவந்து, உணர்வு மாறும் புள்ளியைப் பேனாவால் குறித்து, அந்த எட்டுப் புள்ளிகளை இணைத்தால் பரப்பு கிடைக்கும். அழுத்தத்துக்கு ஃபான் ஃப்ரே இழைகள், அதாவது குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும் மெல்லிய இழைகள். சூட்டுக்கும் குளிருக்கும் 32 டிகிரியில் தொடங்கி நொடிக்கு ஒரு டிகிரி ஏறும் அல்லது இறங்கும் தட்டு, மேல் எல்லை 50 டிகிரி. நரம்புசார் வலிக்கான ஜெர்மன் ஆய்வு வலையமைப்பு 13 அளவீடுகள் கொண்ட முழு நெறிமுறையை 2006-ல் வெளியிட்டது. எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை, ஆனால் செய்பவற்றை அந்த முறையிலேயே செய்தால் பிறருடைய எண்களோடு ஒப்பிட முடியும்.

ஆறாம் படி: ஒப்பீடும் மறைப்பும்

மருந்தில்லாத அடிக்களிம்பே சரியான ஒப்பீடு. வெறும் தோலோடு ஒப்பிடாதீர்கள். அடிக்களிம்பே தோலை ஈரப்படுத்தி, குளிர்வித்து, சுவரைச் சீராக்கி அரிப்பைக் குறைக்கும். வறண்ட தோலில் அந்தப் பயன் சிறியதல்ல. எந்தக் கையில் எது என்பதைச் சமவாய்ப்பு முறையில் முடிவுசெய்து, பூசுபவருக்கும் தெரியாமல், பூசிக்கொள்பவருக்கும் தெரியாமல் வைப்பது அடிப்படை.

அடிப்படை என்று சொல்வது எளிது. நான் உதவியாளராக இருந்த ஓர் ஆய்வில் மெந்தால் கிரீமையும் அதன் அடிக்கிரீமையும் ஒரே மாதிரிக் குப்பிகளில் அடைத்து, எண் மட்டும் ஒட்டியிருந்தோம். மூன்றாவது தன்னார்வலர் மூடியைத் திறந்ததும், 'இன்றைக்கு மருந்து போலிருக்கிறதே' என்று சிரித்தார். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. மதிப்பெண்கள் அழகாகப் பிரிந்து வந்தன. ஒன்றையும் நம்ப முடியவில்லை. பல வார வேலையை ஓரமாக வைத்துவிட்டு, அடிக்கிரீமிலும் குளிர்ச்சி தராத ஆனால் மணம் ஒத்த பொருளைச் சேர்த்து மறுபடி தொடங்கினோம். மணம், நிறம், பிசுபிசுப்பு, பூசியதும் தெரியும் உணர்வு ஆகிய நான்கையும் சோதனைக்கு முன்பே வெளியாள் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

எரியும் மருந்துக்கு இன்னும் கவனம் வேண்டும். 8 சதவீத கேப்சாயிசின் ஒட்டுப்பட்டையைச் சோதித்த ஆய்வாளர்கள் வெறும் பட்டையோடு ஒப்பிடவில்லை, 0.04 சதவீத கேப்சாயிசின் பட்டையைக் கட்டுப்பாடாக வைத்தார்கள். சற்று எரியும், ஆனால் நரம்பு நுனிகளை ஓயவைக்கும் அளவு இல்லை. எனக்குத் தெரிந்து மறைப்பை இவ்வளவு பொறுப்போடு யோசித்த எடுத்துக்காட்டுகள் குறைவு. அந்தப் பட்டை வேலை செய்யும் விதமும் தெரிந்துகொள்ளவேண்டியது: ஏற்பி தொடர்ந்து திறந்திருப்பதால் நரம்பு நுனிக்குள் கால்சியம் நிறைந்து நுனி செயலிழந்து சுருங்குகிறது, பிறகு வாரக்கணக்கில் மெல்ல மீள்கிறது. ஆகவே அதே தோலில் அடுத்த சுற்றுச் சோதனையை அவசரமாக வைக்கக்கூடாது.

ஏழாம் படி: ஆளும் அறையும்

ஆண்டிஹிஸ்டமின் மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே மருத்துவர் அனுமதியோடு நிறுத்தியிருக்கவேண்டும். தோல் நோய், நரம்பு நோய், கர்ப்பம், வலிநிவாரணிப் பழக்கம் ஆகியவை விலக்கும் காரணங்கள். அறை வெப்பம் 21 முதல் 23 டிகிரிக்குள் மாறாமல் இருக்கட்டும். சூடான தோல் கூடுதலாக அரிக்கும். வந்தவர் இருபது நிமிடம் உட்கார்ந்து இளைப்பாறட்டும். காத்திருக்கும் இடத்தில் தோல் நோய்ப் படங்களை மாட்டாதீர்கள். பிறர் சொறிவதைப் பார்த்தாலே அரிக்கத் தொடங்கும்; இதைப் படிக்கும் உங்களுக்கும் இதற்குள் எங்கோ அரித்திருக்கலாம்.

எட்டாம் படி: அந்த நாள்

முன்கையின் உட்பக்கத்தில் நான்கு சதுர சென்டிமீட்டர் கட்டம் வரையுங்கள். உருப்பெருக்கியின் கீழ் இடுக்கியால் நாற்பது, நாற்பத்தைந்து சுணைகளை எண்ணி எடுத்து, கட்டத்துக்குள் வைத்து, கையுறை விரலால் சுழற்றித் தேயுங்கள். எங்கள் ஆய்வில் முதல் கை என்னுடையது. தன்னார்வலரிடம் செய்யும் எதையும் முன்னால் நாங்கள் அனுபவித்துவிடவேண்டும் என்பது குழுவின் வழக்கம். சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு சுருக் சுருக்கென்று இரண்டு மூன்று தைப்பு. அதன் பின் அந்தக் கட்டம் முழுவதும் ஒரே நமைச்சலாக எழுந்தது. அடியில் மெல்லிய எரிச்சல் ஓடிக்கொண்டிருந்தது. மறு கை தானாகக் கிளம்பியது, அதை நாற்காலிக் கைப்பிடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது நிமிடத்தில் அரிப்புக் கோட்டில் 7, வலிக் கோட்டில் 3 என்று நகர்த்தினேன். தோலைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. செம்மை இல்லை, தடிப்பு இல்லை. தோலில் அடையாளமே இல்லாமல் அரிக்கிறது என்று சொல்லும் நோயாளியை நம்பாமல் இருப்பது எவ்வளவு பெரிய பிழை என்று அன்று என் கையே எனக்குக் காட்டியது.

பத்து நிமிடம் முடிந்ததும் ஒட்டும் நாடாவை அழுத்தி உரித்தால் சுணைகள் வந்துவிடும். அதன் பிறகே பஞ்சு, குண்டூசிப் பரப்பு அளவீடுகள்.

ஒரே நேரத்தில் இரண்டு கைகளிலும் தூண்டாதீர்கள். ஓரிடத்து வலி, உடலின் வேறிடத்து வலியையும் அரிப்பையும் அடக்கும். ஒரே இடத்தில் ஹிஸ்டமினைத் திரும்பக் குத்தினாலும் இரண்டாம் முறை அரிப்பு குறைந்தே வரும். செம்மை படரும் தொலைவைத் தாண்டி அடுத்த இடத்தைக் குறியுங்கள். கேப்சாயிசினைக் கையாளும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள், லேட்டக்ஸ் அதைத் தடுக்காது. சிந்தினால் வெறும் தண்ணீர் போதாது. எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பால் கழுவுங்கள். குளிர் ஒத்தடமும் அவசர மருந்துப் பெட்டியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். 'போதும்' என்று தன்னார்வலர் சொன்ன நொடியில், காரணம் கேட்காமல், நிறுத்துங்கள்.

ஒன்பதாம் படி: எண்களைப் படிப்பது

அரிப்பின் உச்சம், உச்சத்தை அடைந்த நேரம், மதிப்பெண் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வளைகோட்டின் கீழ்ப் பரப்பு ஆகிய மூன்றையும் கணக்கிடுங்கள். பிறகு அரிப்பு வளைகோட்டின் மேல் வலி வளைகோட்டை வைத்துப் பாருங்கள். அரிப்பு குறைந்த அதே நிமிடங்களில் எரிச்சல் ஏறியிருந்தால், மருந்து அரிப்புப் பாதையை அடைத்தது என்று எழுத முடியாது. எரிச்சலால் மறைத்தது என்று எழுதுங்கள். அரிப்பு, எரிச்சல், சூட்டு உணர்வு, தொடு உணர்வு எல்லாமே சேர்ந்து குறைந்திருந்தால் அது மரப்பு. அரிப்பு மட்டும் குறைந்து மற்றவை அசையாமல் இருந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். இந்தத் துறையில் எல்லாரும் தேடுவது அதைத்தான்.

மருந்து இலக்கைத் தொட்டதா என்பதும், உணர்வு குறைந்ததா என்பதும் வேறு வேறு கேள்விகள். டிஆர்பிவி1 ஏற்பியை அடைக்கும் ஒரு கிரீமை வைத்து 2014-ல் வெளியான ஆய்வில், கேப்சாயிசினுக்கு எதிராக மருந்து வேலை செய்தது தெரிந்தது. ஹிஸ்டமினிலும் பூனைக்காலியிலும் வந்த அரிப்பு பொருட்படுத்தும் அளவுக்குத் தணியவில்லை. தோல்வி என்று இதை ஒதுக்கக்கூடாது. கேப்சாயிசின் சோதனையும் கூடவே இருந்ததால்தான், மருந்து உள்ளே போகாததால் பயனில்லை என்ற சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது.

புள்ளியியலில் தேறிய வித்தியாசம் தோலில் உணரப்படுமா என்றும் கேளுங்கள். நாள்பட்ட வலியில் 2 புள்ளி அல்லது 30 சதவீதக் குறைவை நோயாளிகள் முன்னேற்றமாக உணர்கிறார்கள். அரிப்பு மருந்துகளின் பெரிய ஆய்வுகளில் உச்ச அரிப்பு 4 புள்ளி குறைந்தவரையே பலன் பெற்றவர் என்று எண்ணுவது வழக்கமாகியிருக்கிறது. 0.6 புள்ளி குறைவுக்கு 'சிறந்த நிவாரணம்' என்று தலைப்பிடாதீர்கள்.

பத்தாம் படி: ஆய்வகத்திலிருந்து நோயாளியிடம்

பத்து நிமிட அரிப்பும் பத்து ஆண்டு அரிப்பும் ஒன்றல்ல. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட அரிப்பு, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி என்கிறோம். அதற்குள் நரம்பும் தண்டுவடமும் மூளையும் மாறியிருக்கும். தோல் அழற்சியில் முக்கியப் பங்கு வகிக்கும் இன்டர்லூகின்-31 என்ற புரதத்தை ஆரோக்கியமான தோலில் செலுத்தியதும் அரிப்பதில்லை. அரிப்பு தாமதித்தே வருகிறது. அந்தப் பாதையை மறிக்கும் மருந்தை ஹிஸ்டமின் குத்தலில் சோதித்துப் பயனில்லை என்று தள்ளியிருந்தால் நல்ல மருந்து ஒன்றை இழந்திருப்போம். எந்தப் பாதையை மருந்து தொடுகிறதோ அந்தப் பாதை ஓடும் நோயாளிகளிடமே அடுத்த ஆய்வைச் செய்யுங்கள்.

கையில் இருக்கும் மருந்துகள் இந்தக் கணக்கில் எங்கே நிற்கின்றன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 5 சதவீத லிடோகெய்ன் பட்டை, நாளில் 12 மணி நேரம் வரை, அக்கி வந்து போனபின் தங்கும் நரம்பு வலிக்குப் பயன்படுகிறது. 8 சதவீத கேப்சாயிசின் பட்டையை அமெரிக்காவில் 2009-ல் அதே வலிக்கும், 2020-ல் நீரிழிவால் பாதங்களில் வரும் நரம்பு வலிக்கும் அனுமதித்தார்கள். அதை மருத்துவ ஊழியர்தான் ஒட்டவேண்டும். டைக்ளோஃபெனாக் ஜெல் மூட்டு வலிக்கு உதவும், அரிப்புக்கு உதவாது. 5 சதவீத டாக்ஸெபின் கிரீம் ஹிஸ்டமின் வழி அரிப்பை நன்றாக அடக்குகிறது, பூனைக்காலியிடம் தோற்கிறது. தோல் அழற்சிக்கு ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் களிம்புகளோடு 2016-ல் கிரிசபரோலும் 2021-ல் 1.5 சதவீத ருக்ஸோலிடினிப் கிரீமும் சேர்ந்தன. ஆனால் இந்த வகைக் களிம்புகள் அழற்சியை அடக்குவதன் மூலம் பெரும்பங்கு வேலை செய்கின்றன. அழற்சி இல்லாத, நரம்பிலேயே பிறக்கும் அரிப்புக்கு, பாதுகாப்பான நல்ல மேற்பூச்சு மருந்து இன்னும் போதவில்லை. உங்கள் ஆய்வு அங்கே தேவைப்படுகிறது.

நோயாளிகளிடம் அளக்கும்போது 'இப்போது எவ்வளவு' என்று மட்டும் கேட்டால் போதாது. கடந்த 24 மணி நேரத்தில் மிக மோசமான அரிப்பு எவ்வளவு என்று தினமும் ஒரே நேரத்தில் கேளுங்கள். அரிப்பு இரவில்தான் பலரை வதைக்கிறது. தூக்கத்தில் சொறிந்ததை அவர்கள் அறிவதே இல்லை, காலையில் விரிப்பில் ரத்தக்கறை பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். எண் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கும், உறக்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும், மணிக்கட்டில் கட்டும் அசைவுமானியைக் கொடுத்தனுப்புங்கள். இரண்டு கைகளிலும் கட்டச் சொல்லுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவரும் தூக்கத்தில் இடக்கையால் சொறிவதுண்டு.